நிறைந்த பீப்பாய்

மங்கலம் என்னும் வழக்கை விரிவுரையாளர் விளக்கிக்கொண்டிருந்தார். நல்லதல்லாத ஒன்றை நல்ல சொல்லால் சுட்டுவது. இறந்தவரைத் துயின்றார் என்பது போல. உங்கள் ஊர்ப் பேச்சிலிருந்து யாராவது ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்று அவர் கேட்டபோது என் மனத்தில் முதலில் எழுந்தது ஓர் உப்புச் சாடி. அடுத்து ஒரு பீப்பாய். அதற்கும் அப்பால், மன்னாருக்குத் தெற்கே முசலிப் பக்கத்துக் கரையில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் என் பெரியம்மா. நான் வகுப்பில் பேசுகிறவள் அல்லேன். அன்றும் பேசவில்லை. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் அம்மாவின் மூத்த சகோதரியான அவர் ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்வதில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரும் குசினிக்குள் அச்சொல்லைத் தவிர்ப்பார்கள். உப்பு முடிந்தால், முடிந்தது என்று சொல்லமாட்டார்கள். “உப்பு நிறைஞ்சிட்டுது” என்பார்கள். கேட்ட பிள்ளை வெறுஞ்சாடியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகும். மற்றவர்கள் அரிசிக்கும் உப்புக்கும் மட்டும் வைத்திருந்த அந்த விலக்கைப் பெரியம்மா உலகம் முழுவதற்கும் விரித்திருந்தார். கிணறு வற்றினால், நிறைந்தது. தலைவலித் தைலம் தீர்ந்தால், நிறைந்தது. நான் சொல்லப்போகும் ஆண்டில் ஊர் மாடுகளுக்கு வருத்தம் தொற்றி அவருடைய இரண்டு எருதுகளும் ஒரே கிழமையில் செத்தபோது, துக்கம் விசாரிக்கப் போன எங்களிடம், “ரெண்டும் மேயப் போயிட்டுதுகள்” என்றார். சொல்லிவிட்டு வெறுமையான பட்டியைக் கூட்டிப் பெருக்கினார்.

ஒருவர் வந்து எதையாவது கேட்டாலும் அப்படித்தான். இல்லை என்று சொல்லத் தெரியாதவரிடம் கேட்பது எளிது. அவருடைய அம்மியும் உலக்கையும் அயலார் வீடுகளில் வசித்தன. எப்போதாவது விருந்தாளியைப் போல வீட்டுக்கு வந்துபோகும்.

பெரியப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் தோணியில் கருவாடு ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்வருகிறவர். ஒரு புரட்டாதியில் போனார். கூடப் போன தோணிகள் திரும்பின. அவருடையது திரும்பவில்லை. பலகைத் துண்டு ஒன்றுகூடக் கரையொதுங்கவில்லை. வேதக்கோயில் பங்குச் சுவாமியார் ஒருமுறை வீட்டுக்கு வந்து, அவருடைய ஆன்மாவுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாமே என்று மெல்லக் கேட்டார்.

“ஒப்புக்கொடுத்த பிறகு அவர் வந்து, ஏனப்பா இந்தப் பூசை எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது, சுவாமி?” என்றார் பெரியம்மா.

சுவாமியார் அதற்குப் பிறகு கேட்கவில்லை. பெரியப்பாவின் சிறிய வள்ளம் ஒன்று கரையில் கவிழ்ந்து கிடந்தது. வருடந்தோறும் பெரியம்மா அதற்குச் சுறா எண்ணெய் பூசுவார். யாராவது பெரியப்பாவைக் கேட்டால், “போயிருக்கிறார்” என்பார். அந்தச் சொல்லில் பொய்யும் கிடையாது, மெய்யும் கிடையாது. உப்பளத்து வெளியில் நடுப்பகலில் தெரியும் நீரைப்போல, கிட்டப் போகாதவரைக்கும் அது இருந்தது.

அவருடைய வயல் வீட்டை ஒட்டி, குளத்தின் கீழே, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. சிறிய வயல்தான், சீதனமாக வந்தது. கடைசியாகப் போகும்போது பெரியப்பா, “நான் வர முந்தி மழை வந்தால் வயலை வெறுமையாப் போட்டிடாதே” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதனால் ஒரு மாரியும் விடாமல் அவர் விதைத்துவந்தார். முஸ்லிம் அயலவரான கரீம் நானா எருதுகளைக் கட்டி உழுதுகொடுப்பார். பெரியம்மாவின் எருதுகள் போன அதே நோயில் நானாவின் சோடியும் போயிற்று. ஊரில் உழக்கூடிய மாடு ஒன்றும் மிஞ்சவில்லை.

பக்கத்து வயல் பெரியப்பாவின் தம்பியுடையது. வரம்பை வெட்டி இரண்டையும் ஒன்றாக்கித் தென்னை வைக்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆள் கெட்டவர் அல்லர்; காத்திருக்கத் தெரிந்தவர். அவர் ஒரு நாள் பூசை முடிந்து வெளியே வந்த சனத்தின் நடுவில் நின்று கேட்டார்.

“மச்சாள், இந்த மாரிக்கு விதைக்க ஏலாமப் போனால் வயலை எனக்குத் தாறியளோ?”

எல்லோரும் பெரியம்மாவின் வாயைப் பார்த்தார்கள். அந்த வாயில் இல்லாத ஒரு சொல்தான் அப்போது தேவைப்பட்டது.

“பாப்பம்” என்றார் பெரியம்மா.

“கேட்டியளே எல்லாரும்? மச்சாள் ஓமெண்டிட்டா” என்றார் அவர். சனம் சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கையை இறுகப் பிடித்திருந்தார்.

நான் அப்போது மன்னார்ப் பட்டினத்துக் கொன்வென்ட்டில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைகளில் பெரியம்மா வீட்டுக்குப் போவேன். உலக யுத்தம் முடிந்து, எல்லாச் சாமானும் கூப்பனுக்கு அளந்து கிடைத்த காலம். முருங்கனுக்குப் போய்வந்த கரீம் நானா ஒரு செய்தி கொண்டுவந்தார். காடு வெட்டுவதற்கு வந்த யானை போன்ற இயந்திரங்களைத்தான் நாங்கள் அறிவோம். இப்போது சிறிய கமக்காரருக்கென்று சின்னதாக ஓர் உழவு மெசின் வந்திருக்கிறதாம்.

“எவ்வளவு சின்னன், நானா?”

“உங்கட வேலிப் படலைக்குள்ளால வரும் தங்கச்சி. குனியவும் தேவையில்ல.”

பெரியம்மா கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கொழும்புக் கொம்பனிக்கு இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். விலைக்கு என்ன வழி என்று நானா கேட்டார்.

“வள்ளத்தைக் கடலுக்கு அனுப்புவம்” என்றார் பெரியம்மா. விற்கப்போகிறேன் என்பதை அவர் அப்படிச் சொன்னார். நானாவின் மருமகன் அந்த வள்ளத்தின்மேல் கண்வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும்.

கொம்பனி பதில் போட்டது. முகவர் ஒருவர் மெசினை ரயிலில் முருங்கனுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஓட்டிவந்து, வயலிலேயே உழுதுகாட்டுவார்; பிடித்தால் விட்டுவிட்டுப் போவார், பிடிக்காவிட்டால் அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவார். அது மண்ணெண்ணெயில் ஓடுவது. ஆகவே ஒரு பீப்பாய் மண்ணெண்ணெய் முன்கூட்டியே வண்டியில் வந்து இறங்கிற்று. பெரியம்மா அதை வீட்டு ஓரத்தில், வேம்பின் நிழலில் வைத்தார்.

விளக்கெரிக்க எண்ணெய் கிடைக்காத ஊரில், இல்லையென்று சொல்லாத ஒருத்தியின் வீட்டில், ஒரு பீப்பாய் எண்ணெய்.

முதலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்தாள். பிறகு இரவு வலைக்குப் போகிறவனின் மனைவி. பிறகு யார் வந்தார்கள் என்று சொல்வதைவிட யார் வரவில்லை என்று சொல்வது சுலபம். பெரியப்பாவின் தம்பிகூட இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு போனார். அந்த நாட்களில் எங்கள் கரை முழுவதும் மாலையில் பொன்னிறமாக மினுங்கியது. கடலிலிருந்து பார்த்தவர்கள் ஊரில் ஏதோ திருநாள் என்று நினைத்தார்களாம். பெரியம்மா படலையில் நின்று அந்த வெளிச்சங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். எதைக் கொடுத்துவிட்டோம் என்ற எண்ணம் அந்த முகத்தில் துளியும் இருக்காது.

மெசின் வந்த நாளில் காற்றே இருக்கவில்லை. வெட்டவெளியில் வெயில் ஆடிக்கொண்டிருந்தது. முருங்கன் தெருவில், கானல் நீரின் மேலே, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று மிதந்தது. நிலத்தைத் தொடாமல், ஓசையில்லாமல், ஒரு தோணி வருவது போலவே வந்தது. பெரியம்மா கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். கடலில் பாய் தெரியும்போதெல்லாம் அவர் அப்படித்தான் எழுந்து நிற்பார். அன்று அவர் கடலுக்கு எதிர்த்திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிறிது நேரத்தில் சத்தம் கேட்டது, சக்கரச் சில்லுகள் தெரிந்தன, அது மெசினாகிவிட்டது. அவருடைய கை மெதுவாக இறங்கியது.

முகவர் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; இளைஞர். தலையில் பெரிய தொப்பி. முகமெல்லாம் செம்புழுதி.

“இதுதான் அம்மா சாமான். மாடு ஓட்டுறதைவிட லேசு.”

ஊர் கூடிவிட்டது. கரீம் நானா மெசினைச் சுற்றிவந்து தட்டிப்பார்த்தார். “முன்னுக்கு நிண்டால் முட்டாது, பின்னுக்கு நிண்டால் உதைக்காது. நல்ல சாதிதான்.”

“வைக்கலும் தின்னாதாம், நானா. ஆனா நல்லாக் குடிக்குமாம்” என்றாள் ஒரு பெண்.

“அப்ப எங்கட வீட்டு ஆள் மாதிரித்தான்” என்றாள் இன்னொருத்தி. அவளுடைய வீட்டு ஆள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

வயலுக்கு இறங்க முன் முகவர் பெரியம்மாவிடம் கேட்டார். “தாங்கியில கொஞ்சந்தான் மிச்சம் அம்மா. வந்த வழியில எரிஞ்சுபோச்சு. இஞ்ச அனுப்பின பீப்பாய் எப்பிடி?”

“அது நிறைஞ்சு கிடக்குது, தம்பி” என்றார் பெரியம்மா.

முகவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. “அப்ப பயமில்லை. முதல்ல உழுதுபாப்பம், பிறகு ஊத்துவம்.” சுற்றி நின்றவர்களில் எவருக்கும் அவர் தவறாக விளங்கிக்கொண்டது தெரியவில்லை. எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது. கொழும்பு மனிதர் வேறு ஏதோ ஏற்பாடு வைத்திருக்கிறார் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

மெசின் உழுதது. காய்ந்து இறுகிய மண் அதன் பின்னால் புரண்டு புரண்டு விழுந்தது. எங்கிருந்தோ கொக்குகள் வந்து, மாட்டின் பின்னால் நடப்பதுபோலச் சாலின் பின்னால் நடந்தன. பெரியம்மா வரம்பில் வெறுங்காலோடு நின்றார். மண்ணின் பழைய வாசனை எழுந்துவந்து எங்களைச் சூழ்ந்தது. நாலைந்து சால் ஓடியிருக்கும். வயலின் நட்டநடுவில் மெசின் இருமியது, இன்னொருமுறை இருமியது, நின்றது.

முகவர் சிரித்துக்கொண்டே இறங்கி, வாளியோடு வேம்படிக்குப் போனார். பீப்பாயை அசைத்தார். அது காகிதம்போல அசைந்தது. தட்டினார். டம் என்று கோயில் மேளம்போல ஒலித்தது.

“அம்மா! நிறைஞ்சு கிடக்கு எண்டுதானே சொன்னீங்க?”

“ஓம் தம்பி” என்றார் பெரியம்மா, அவர் கோபிப்பதன் காரணம் விளங்காமல். “நிறைஞ்சுதான் கிடக்குது.”

வரம்பெல்லாம் சிரிப்பு உருண்டது. முகவரின் முகம் சிவந்து, கண் கலங்கிவிட்டது. யாராவது விளக்கவேண்டியிருந்தது. நான்தான் பக்கத்தில் நின்றேன். “இஞ்ச முடிஞ்சுது எண்டு சொல்லமாட்டினம். நிறைஞ்சுது எண்டுதான் சொல்லுவினம்” என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“அப்ப உண்மையா நிறைஞ்சிருந்தால் என்ன சொல்லுவீங்க?”

“அதைக் கேக்கவே வந்திராது, தம்பி” என்றார் கரீம் நானா. “நீங்க வாய் திறக்க முந்தி அவ ஊத்தித் தந்திருப்பா.”

சிரிக்காமல் நின்றவர் ஒருவர்தான். பெரியப்பாவின் தம்பி தன் வரம்பில் நின்று வானத்தைப் பார்த்தார். வடகிழக்கே கறுத்திருந்தது. “மழை வந்தால் இந்தப் புழுதி சேறாப் போகும். சேத்துக்குள்ள இந்தச் சில்லு இறங்காது. மாடும் கிடையாது, மச்சாள்” என்றார். அவருடைய குரலில் வெற்றிகூட இருக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பெரியம்மா வயலின் நடுவில் நின்றுபோன சாம்பல் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலைதான் அது நடந்தது. யாரும் யாரையும் கூப்பிட்டதாக எனக்குத் தெரியாது. முதலில் அந்தப் பிள்ளைத்தாய்ச்சி வந்தாள்; கையில் அரைப் போத்தல். பிறகு வலைக்காரனின் மனைவி. பிறகு விளக்கையே கழற்றிக்கொண்டு வந்தவர்கள். வரம்பு வழியாக ஒருவர்பின் ஒருவராக வந்து, நற்கருணைக்கு வரிசையில் வருகிறவர்களைப் போல, மெசினின் முன்னால் நின்று ஊற்றினார்கள். முகவர் துணியை வைத்து வடிகட்டி வாங்கினார். இருள் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியாகப் பெரியப்பாவின் தம்பி வந்தார். ஒரு போத்தல்தான்; மற்றது எரிந்துவிட்டதென்றார். அதை ஊற்றிவிட்டு ஒருவருடைய முகத்தையும் பார்க்காமல் போனார்.

திரும்பி வரும்போது கரை முழுவதும் இருட்டாக இருந்தது. ஒரு வீட்டிலும் விளக்கு எரியவில்லை. கடல் மட்டும் தனக்குள்ளிருந்தே கொஞ்சம் வெளிச்சம் வைத்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் மெசின் எஞ்சிய வயலை உழுது முடித்தது. முகவர் முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்து, மடியில் கடதாசியை வைத்துக்கொண்டார். மழைக்கு முந்தி விதைப்பதற்கு இன்னுமொரு உழவும் குறுக்கு உழவும் தேவை. அதற்கு மெசின் இங்கே நிற்கவேண்டும். பிற்பகல் ரயிலுக்கு முன்பு கொம்பனிக்கு ஒரு முடிவு சொல்லவேண்டும்.

“அம்மாட பேரிலதானே? கலியாணம் முடிச்ச பொம்பிளை வாங்கினால் புருசனும் ஒப்பம் வைக்கவேணும். அது கொம்பனிச் சட்டம். ஐயா எங்க?”

“போயிருக்கிறார்” என்றார் பெரியம்மா.

“எப்ப வருவார்? அவர் வந்து ஒப்பம் வைக்கும்வரைக்கும் மெசினை விட்டுட்டுப் போக எனக்கு உத்தரவில்லை.”

வேலியோரத்தில் நின்ற பெரியப்பாவின் தம்பி முன்னால் வந்தார். “சொல்லுங்கோ மச்சாள். அண்ணன் இருக்கிறாரோ, இல்லையோ?”

அது கொடுமையான கேள்வி. ஆயினும் அதைக் கேட்டவரின் குரல் நடுங்கிற்று. இருக்கிறார் என்றால் மெசின் பிற்பகல் ரயிலில் ஏறிவிடும், வயல் வெறுமையாகும், அவருக்குத் தென்னை கிடைக்கும். மற்றப் பதிலைச் சொல்வதற்குப் பெரியம்மாவிடம் சொல் கிடையாது.

பெரியம்மா கடலைப் பார்க்கவில்லை. உழுத மண்ணைப் பார்த்தார். கொக்கு ஒன்று அங்கே தனியாக நடந்துகொண்டிருந்தது. அவருடைய உதடுகள் இரண்டொருமுறை திறந்து மூடின. பிறகு, சாடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்வதுபோல, மிக மெதுவாகச் சொன்னார்.

“அவர் நிறைஞ்சிட்டார், தம்பி.”

முகவர் எழுதப் போனவர் நிறுத்தினார். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன பொருள் என்பதை முதல்நாள்தான் அவர் கற்றிருந்தார். எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, கதிரையின்மேல் வைத்தார். “மன்னிக்கவேணும், அம்மா” என்றார்.

பெரியப்பாவின் தம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். தன் அண்ணனுக்காக அவர் அழுது அதற்கு முன் யாரும் கண்டதில்லை. பெரியம்மா இறந்தவராக ஏற்காத ஒருவருக்காக அவர் எப்படி முதலில் அழுவது? பெரியம்மா போய் அவருடைய தோளைத் தொட்டார். பெரியம்மா அழவில்லை. கரீம் நானா தன் மார்க்கத்து வார்த்தைகளில் ஏதோ முணுமுணுத்துக் கைகளை முகத்தில் தடவிக்கொண்டார்.

பெரியம்மா தனியே ஒப்பம் வைத்தார். அந்த ஞாயிறு பெரியப்பாவுக்கான பூசை ஒப்புக்கொடுக்கப்பட்டது. அடுத்த நாள் நானாவின் மருமகன் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கினான். இத்தனை வருடம் எண்ணெய் குடித்த பலகை. ஒரு சொட்டும் உள்ளே விடவில்லை. பெரியம்மா அதைப் பார்க்க வரவில்லை. அவர் வயலில், மெசினுக்குப் பின்னால், புழுதிக்குள் விதைத்துக்கொண்டிருந்தார். ஐப்பசி மழை அதன்பிறகுதான் வந்தது.

வகுப்பில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? மங்கலம் என்று அதற்குப் பெயரிடுவது பிழையல்ல. ஆனால் அவர் அன்று வழக்கத்தின்படி சொன்னாரா, அல்லது அந்தச் சொல்லின் நேரான பொருளிலேயே சொன்னாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெளிவாகவில்லை.

அறுவடை விடுமுறையில் நான் மீண்டும் போயிருந்தேன். வீட்டின் பின்னறையில் நெல் மூட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. பல்லிகூட வேறு சுவருக்குக் குடிபோயிருந்தது. பெரியப்பாவின் தம்பி, தன் வயலையும் பெரியம்மாவின் மெசின்தான் உழுதுகொடுத்தது என்பதைச் சற்று மறந்தவராக, தோளில் ஒரு மூட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

“மச்சாள், என்ர வீட்டுக் கூரை ஒழுகுது. ரெண்டு மூட்டையை இஞ்ச வைக்கட்டோ?”

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமலே காலை உள்ளே வைத்தார். பெரியம்மா அறையைத் திரும்பிப் பார்த்தார். கீழிருந்து மேல்வரை, மூலைக்கு மூலை, நிதானமாகப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல ஏறி வந்தது. நான் அதுவரை கண்டிராத, கொஞ்சம் குறும்பான சிரிப்பு.

“இல்லை” என்றார் பெரியம்மா. “இடம் இல்லை.”